பன்னிரண்டாவது ஒப்பம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதிக்குப் போகும் பேருந்தில் அடிக்கடி என் பக்கத்தில் உட்காரும் ஓர் இளம் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர், பேசுமுன் கண்ணாடியைத் துடைப்பார். ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறிய காலத்து மரண விசாரணைத் தாள் ஒன்றை ஒருநாள் காட்டினார். காட்டோரக் குடியிருப்பில் ஒருவர் வெட்டிய மரம் விழுந்து அவருடைய அண்ணன் இறந்திருந்தார். விபத்து என்று விசாரணைக் குழுவினர் பன்னிரண்டு பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். கடைசி ஒப்பம் மரம் வெட்டிய தம்பியுடையது.

நான் ஊரில் மரண விசாரணை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.

“இது செல்லாது, பிள்ளை,” என்றேன்.

“மிச்சம் இருந்ததே பன்னிரண்டு ஆம்பளைங்கதான், அங்கிள். பன்னிரண்டு கையெழுத்து இல்லாம புதைக்க முடியாது.”

“மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்க வேணும்.”

“பதில் வர்ற வரைக்கும் அண்ணனை மடியில வெச்சிருக்கட்டும். சரிதானே, அங்கிள்?”

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.