நாற்பது செம்புகள்

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஜில்லா போர்டில் பணமில்லை என்றார்கள். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் முதலில் கை வைத்தது சின்ன வகுப்புச் சித்திரப் பாடத்தில்தான். பரீட்சை எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு உதவித்தொகை வாங்கித் தருகிற பெரிய பையன்களுக்கு மட்டும் சித்திரம் இருக்கட்டுமாம். ஆறு வயதுப் பிள்ளைகள் கோடு கிழித்து என்ன ஆகப் போகிறதாம்! அந்தப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்தவன் நான்.

தலைமை வாத்தியாரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"சிலேட்டு வேண்டாம், காயிதம் வேண்டாம். ஆத்து மணலத் தரையில பரப்பி வெரலால போடச் சொல்லுதேன். காலணா செலவில்லையே, ஐயா!"

அவர் நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர். "தை மாசம் இன்ஸ்பெக்டர் வாராரு. பிள்ளைக போடுறதப் பாத்து அவரு நல்லதா எழுதுனா வகுப்பு நிக்கும். இல்லேன்னா என்னால ஒண்ணும் ஏலாது" என்றார்.

ராஜபாளையத்திலிருந்து தினமும் மாட்டு வண்டியில் வந்து போவேன். வண்டிக்காரரின் மகளும் என் வகுப்புதான். எதைப் போடச் சொன்னாலும் மாட்டைத்தான் போடுவாள், அதுவும் பின்பக்கத்தை. இரண்டு பெரிய புட்டம், இரண்டு வால், மேலே கொம்பு நுனி. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தினம் அவள் பார்ப்பது அதுதானே! அந்த வால் ஈ ஓட்டுவது மணலிலேயே தெரியும். நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் சிரிப்பு போய்விட்டது. மாட்டுப் புட்டத்தைப் பார்த்து அவர் என்ன எழுதுவார்? அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்ஷன் என்றால் எல்லா வாத்தியாருக்கும் ஒரே வழிதான்: ஒரு பாடத்தை எடுத்து உருப்போட வைப்பது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தப்பில்லாமல் வாசித்த பிள்ளைகள் உண்டு. சித்திரத்துக்கும் நான் அதையே செய்தேன். தண்ணீர்ச் செம்பைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு மாதம் செம்பு, செம்பு, செம்பு. ஒருநாள் அவள் மாட்டைப் போட்டாள். ரூல்தடியால் விரலில் ஒன்று வைத்தேன். அழவில்லை, விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது பிள்ளைகள், தரையில் நாற்பது செம்பு. தலைமை வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று நடந்தார். வண்டிக்காரர் மகள் எதிரே குந்தி, அவள் மணலைத் தம் கையாலேயே அழித்து நிரவினார்.

"இன்னைக்கு வர்ற வழியிலே என்னம்மா பார்த்தே? அதைப் போடு."

மாட்டைப் போடு, தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணை விரித்துத் தலையாட்டினேன். இரண்டு மாதமாக அவளை மிரட்டிய கண் அல்லவா? குனிந்து ஒரு செம்பு போட்டாள். இன்னும் நாலு பிள்ளைகளிடம் கேட்டார். நாலும் செம்பு.

"இதுக்கு வாத்தியார் எதுக்கு? ஒரு அச்சு போதுமே" என்றார். வகுப்பை நிறுத்துவதால் பிள்ளைகளுக்கு நஷ்டமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். போர்டைத் திட்டினேனே, அடப் பாவி, வகுப்பின் கழுத்தை நெரித்தவன் நானல்லவா!

சாயங்காலம் அதே வண்டியில் திரும்பினோம்; அவள் முன்னால், அப்பன் பக்கத்தில். சத்திரம் தாண்டியதும் அவள் திரும்பி என் முழங்காலைத் தொட்டாள்.

"பரீச்ச முடிஞ்சிட்டுல்லா, வாத்தியாரையா? நாளைக்கி மாடு போடலாமா?"

நாளை முதல் சித்திரம் நடக்கிற மணிக்கு வாய்ப்பாடு என்று தலைமை வாத்தியார் அப்போதே எழுதி ஒட்டியிருந்தார்.

"போடலாம், தாயி" என்றேன்.