அணில் கேட்க வேண்டிய மன்னிப்பு

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடர் ஒன்றில் அணிலுக்கு நான்தான் தமிழில் குரல் கொடுத்துவந்தேன். வெளிநாட்டில் எடுத்த தொடர். குரோம்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் அணிலின் வாய் அசைவதற்கேற்பப் பேச வேண்டும். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை சாப்பிட அடம்பிடித்தால், அதன் அம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அணில் மாதிரி ஒரு வார்த்தை சொல்லச் சொல்வாள். சொல்வேன். குழந்தை வாயைத் திறக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த ஆளை முதலில் பார்த்தது ஷேர் ஆட்டோவில். என் தங்கை மகளோடு போனில் அணில் குரலில் விளையாடிக்கொண்டு வந்தேன். எதிரே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, கண்கள் விரிந்துவிட்டன. பக்கத்தில் அவள் அப்பா. மறைமலை நகரில் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, வீடு அஸ்தினாபுரம் என்றார். மகளுக்கு அணில் என்றால் உயிராம். அவளோடு ஒரு நிமிடம் அணிலாகப் பேசினேன். இறங்கும்போது எந்தப் பக்கம் போகிறேன் என்று அவர் கேட்டதற்கு, ஏரிப் பக்கம் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஒரு பெண் தன் வீடு இருக்கும் திசையைச் சொன்னது குற்றமாம்.

அடுத்த வாரம் மகளோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளுக்குப் பிறந்தநாள் என்று ஒரு ஸ்வீட் பாக்ஸ். என் கணவர் உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்து, கேட்டவுடன் என் போன் நம்பரையும் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஆள் தனியாக வந்தார். மகளுக்கு ஜுரம், அணில் சொன்னால் மாத்திரை போட்டுக்கொள்வாள் என்று என் குரலைப் போனில் பதிவு செய்துகொண்டு போனார். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார். ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு எதிரே டெய்லர் கடை ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் மாடியில் துணி காயப்போட வந்தால் எழுந்து நிற்பார்.

பிறகு செய்திகள் வரத் தொடங்கின. தொடரிலிருந்து அணில் பேசும் துண்டுகளை வெட்டி அனுப்புவார். 'நீ எனக்கு ரொம்பப் பிடிச்ச ஃப்ரெண்ட்.' 'நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?' காலையில் பல் தேய்க்கும்போது போன் அடிக்கும். எடுத்தால் என் குரலே எனக்குக் கேட்கும், அவரிடம் கொஞ்சுவதுபோல. அந்த எண்ணைத் தடை செய்தேன். வேறு எண்ணிலிருந்து வந்தது.

கணவரிடம் காட்டினேன். சிரித்தார்.

"ரசிகன் இருக்கறது நல்லதுதானே? இப்பல்லாம் ஹீரோயினுக்கே இப்படி ஆள் இல்ல."

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அணில் வேலையில் அலுப்பு என்று அதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

இந்த நிலையில்தான் அந்த எபிசோடு வந்தது. வழக்கம்போல முழுதும் ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். அணில் அந்தக் காட்டில் பெரிய பாடகி. ஒரு தவளை அதன் பரம ரசிகன். அணில் கடித்துப் போட்ட கொட்டை ஓடுகளைப் பொறுக்கி மாலை கட்டிக்கொள்கிறது. புல்லால் வால் செய்து ஒட்டிக்கொள்கிறது. அணில் போகுமிடமெல்லாம் புதருக்குப் பின்னால் தவளையின் இரண்டு கண்கள். ஒருநாள் அணில் தூங்கும்போது பொந்துக்குள்ளேயே நுழைந்து, தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அணில் விழித்துப் பயந்து கத்தி விரட்டுகிறது. தவளை மழையில் அழுதுகொண்டே போகிறது. முயல், ஆந்தை, முள்ளம்பன்றி எல்லாம் கூடி அணிலைத் திட்டுகின்றன: எவ்வளவு அன்பு வைத்திருக்கிறான், அவனைப் போய்! அணில் குடையை எடுத்துக்கொண்டு ஓடி, தவளையைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கிறது. இனி என் வீட்டுக் கதவு உனக்காக எப்போதும் திறந்திருக்கும் என்கிறது. பாட்டு. முடிந்தது.

கூடத்தில் எல்லோரும் தவளையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் இல்லை, ஆத்திரம். பயந்து விரட்டிய அணில் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? பொந்துக்குள் கேட்காமல் நுழைந்தது யார்?

டப்பிங்கை நடத்துபவர் எனக்குப் பல வருடப் பழக்கம். நல்ல மனிதர் என்றே நினைத்திருந்தேன். கடைசி வசனத்தை மட்டும் மாற்றலாம் என்று சொன்னேன். அதே வாயசைவுக்குப் பொருந்தும்படி எழுதியும் காட்டினேன். உன்மேல் கோபம் இல்லை, ஆனால் கேட்காமல் என் வீட்டுக்குள் வராதே. அவ்வளவுதான்.

"கிளையன்ட் ஒத்துக்க மாட்டாங்க. குழந்தைங்க ஷோ, இதுல போய் ஏன் சீரியஸ் ஆகறீங்க?" என்றார்.

குழந்தைகள் பார்ப்பதால்தான் என்றேன். என் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, அதையும் இதையும் ஏன் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். இந்த எபிசோடை நான் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பின்னாலேயே வந்து கூப்பிடுவார் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. அந்த எபிசோடை மட்டுமல்ல, மீதி இருந்த அத்தனையையும் வேறொரு பெண் பேசினாள். என்னைப்போலவே பேசினாள். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

அந்த எபிசோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பானது. நான் பார்க்கவில்லை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. வாசலில் அந்த ஆள். கையில் பூங்கொத்து. முன்னால் மகளை நிறுத்தியிருந்தார், ஒரு தடுப்புப் பலகை மாதிரி. சிறுமி புது கவுன் போட்டிருந்தாள்.

"இன்னிக்குப் பார்த்தோம் ஆன்ட்டி," என்றாள். "நீங்க தவளைகிட்ட சாரி சொன்னீங்கல்ல? அப்பாகிட்டயும் சொல்வீங்கன்னு அப்பா சொன்னாரு."

கேட்டைத் திறக்காமலே குனிந்து, என் சொந்தக் குரலில் அவளிடம் சொன்னேன்: "அது நான் இல்லம்மா, வேற ஆன்ட்டி. அணில் தப்பு பண்ணல. உன் ரூமுக்குள்ள உன்னைக் கேட்காம யாராவது வந்தா நீ கத்தணும். சாரி சொல்லக்கூடாது. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். அவள் அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"அணில் இப்படிப் பேசாது மேடம்," என்றார். "உங்க குரலே வேற மாதிரி இருக்கு."

அதுவரை மனதுக்குள் அவருக்குக் கொடுத்துவந்த மரியாதை எல்லாம் அத்தோடு போயிற்று. "இதுதான்யா என் குரல்," என்றேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "அணிலு டிவியில இருக்கு, அங்க போய்ப் பாரு. இனிமே இந்தத் தெருவுல உன் வண்டி நின்னுச்சு, நேரா போலீஸ்தான். பெத்த பொண்ணை முன்னால நிறுத்திக்கிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

பக்கத்து வீட்டுக்காரி மதில் பக்கம் வந்தாள். டெய்லர் கத்தரியோடு கடை வாசலுக்கு வந்தார். என் கணவர் பனியனோடு பின்னால் வந்து நின்றார். சிறுமி சொன்னதை அவரும் கேட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் முதலில் சொன்னது, "மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்பதுதான். பார்க்கட்டும் என்று கத்தினேன். அந்த ஆள் பூங்கொத்தைக் கேட்டின் மேல் செருகிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போனார். சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். அவளுக்காக வருந்தினேன். அவள் முன்னாலேயே என்னைக் கத்தவைத்ததற்காக அந்த ஆள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். கணவர் கூட வந்தார். அங்கிருந்த அதிகாரி முதலில் கேட்டது, கையைக் கிய்யைப் பிடித்தானா என்று. இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செய்திகள் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். அணில் குரல் அந்த அறையில் கொஞ்சிற்று. யாரோ சிரித்தார்கள். மூலையில் இருந்த பெண் போலீஸ் ஒருத்திதான் சிரிக்கவில்லை. "சார், இது காமெடி இல்ல. அந்தாளைக் கூப்ட்டுக்கினு வரச் சொல்லுங்க," என்றாள்.

அந்த ஆள் மனைவியோடு வந்தார். இனி வர மாட்டேன் என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். வெளியே வந்ததும் அவர் மனைவி என்னை வழிமறித்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"டிவியில ஊருக்கே கொஞ்சிப் பேசுவீங்க. ஆளுங்க தேடி வந்தா மட்டும் தப்பா?"

அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு, அவள் வீட்டில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஸ்கூட்டரில் ஏறிக் கணவரிடம், போகலாம் என்றேன்.

அந்த ஆள் அதன் பிறகு வரவில்லை. செய்திகளும் நின்றன. நான் இப்போது விளம்பரங்களுக்குப் பேசுகிறேன், பல்லாவரத்தில் வேறொரு கூடத்தில். சென்ற மாதம் பழைய டப்பிங்காரர் கூப்பிட்டார். புது சீசன் வருகிறதாம், அந்தப் பெண் ஊரைவிட்டுப் போய்விட்டாளாம், மறுபடி அணிலாக வர முடியுமா என்று கேட்டார். அந்தத் தவளை எபிசோடை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன்.

"எதுக்கு நிறுத்தணும்? அதுதாங்க டாப். புது சீசன்ல தவளை பர்மனென்ட் கேரக்டர். அணில் வீட்டுலயே தங்கிடுது."

அப்படியானால் அந்த அணிலுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். கோபம் ஆறிவிட்டதா என்று கணவர் அவ்வப்போது கேட்கிறார். ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை.