மச்சம் விட்டவள்

உலகச் சண்டைக் காலத்தில் கற்பிட்டிப் பக்கம் ஒரு மருந்துச்சாலையில் நான் மருந்து கலந்துகொண்டிருந்தேன். அங்கே அந்தப் பெண் வருவாள். கடற்கரை வாடியில் மீன் வெட்டி, உப்பிட்டுக் கருவாடு போடுவது அவள் வேலை. விரலிடுக்கில் எப்போதும் செதில் ஒட்டியிருக்கும். வெறுங்கையோடு வரமாட்டாள், பூவரசம் இலையில் சுற்றி எனக்கொரு மீன் கொண்டுவருவாள்.

மூத்தவனுக்குக் காய்ச்சல் முற்றியபோது, அவன் பிழைத்தால் தலவிலக் கோயில் திருநாள்வரை மீன், இறைச்சி, முட்டை எந்த மச்சமும் தொடுவதில்லை என்று அங்குள்ள புனித அன்னம்மாளுக்கு நேர்ந்திருந்தாள். அவன் எழும்பிவிட்டான். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த இவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. உடம்பில் சத்தில்லை. மச்சம் வேண்டாமென்றால் பருப்பாவது பயறாவது நிறையச் சாப்பிடச் சொன்னேன்.

"பருப்புக்கு எங்க ஐயா போறது? கப்பலே வருகுதில்லையே. கனமூலையில விளைஞ்ச பயறு கொஞ்சம் கிடைச்சுது. பிள்ளைகளுக்கு அவிச்சுக் குடுத்தன்."

"பங்குச் சுவாமியிட்டச் சொல்லி நேர்த்தியை மாத்தலாமே?"

"ஓம், கேட்டன். சாப்பிடு எண்டுதான் சுவாமியும் சொன்னார்."

"பிறகென்ன?"

"பிள்ளையைத் திருப்பித் தந்தது சுவாமி இல்லையே, ஐயா."

கால் வீக்கத்துக்குக் கொடுக்க என்னிடம் மருந்து இருக்கவில்லை. திருநாளுக்கு இன்னும் நாள் கிடந்தது. வீங்கிய காலை மணலில் இழுத்து இழுத்து அவள் வாடிக்குத் திரும்பினாள்.

மேசையில் அவள் வைத்துப்போன பாரை கிடந்தது. நல்ல கொழுத்த மீன். அன்று மத்தியானமும் அவள் தந்த மீனைத்தான் சாப்பிட்டேன்.