ஜோசபினின் வலது கை

ஜோசபினுக்கு நாற்பத்தொரு வயது. கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டையில் வீடு. தினமும் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்குவாள். அல்சூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் வரவேற்பு மேஜையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. ரிசப்ஷன் மேடம், அவ்வளவுதான்.

நான்காவது மாடியில் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு பூல் மேஜை, பில்லியர்ட்ஸ் மாதிரி குச்சியால் பந்தைக் குத்திக் குழியில் தள்ளுகிற ஆட்டம். நாலரைக்கு வேலை முடிந்தால் ஆறு மணிக்கு மேல்தான் அவளுக்கு ரயில். அந்த இடைவெளியில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். அவள் அடிக்கிற அழகைப் பார்க்கச் சகிக்காது. குச்சியைத் துடைப்பம் மாதிரி இறுக்கிப் பிடிப்பாள். நிதானமாகக் குறி பார்ப்பதெல்லாம் கிடையாது. பொட்டென்று ஒரு குத்து. வெள்ளைப் பந்து நகருவதற்குள் தலை நிமிர்ந்துவிடும். ஆனாலும் அடித்த பந்து குழியில் விழும். மூன்று வருஷம் தொடர்ந்து ஆபீஸ் போட்டியில் அவள்தான் ஜெயித்தாள்.

ஜூன் மாதம் சிந்து வேலைக்குச் சேர்ந்தாள். ஈரோட்டுப் பெண், கல்லூரி நாளில் கிளப்பில் முறையாகப் பழகியவள். முதல் வாரமே டீம் மொத்தமும் சுற்றி நிற்க ஜோசபினிடம் தோற்றாள். ரிசப்ஷனிலேயே தோற்றுவிட்டு மேலே வந்து என்ன செய்யப் போகிறாய் என்று அவளுடைய டீம் லீடர் விக்கி கேலி செய்தான். எல்லோரோடும் சேர்ந்து சிந்துவும் சிரித்தாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது அவளே ஜோசபினைத் தேடி வந்தாள். அக்காவின் கண் அபாரம், கையை மட்டும் கொஞ்சம் சரிசெய்தால் வெளிப் போட்டிகளிலேயே ஆடலாம் என்றாள். அந்தக் கட்டடத்தில் யாரும் ஜோசபினிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் முகம் சிவந்துபோனது.

சிந்து அவள் ஆட்டத்தைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினாள். பிடி இறுக்கம். அடிக்கும்போது முழங்கை கீழே விழுகிறது. குச்சி பந்தைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. பந்தைத் தாண்டி முன்னே போக வேண்டும். தலை தூக்குகிறது. உடம்பு ஆடுகிறது. ஜோசபின் வெட்கத்தோடு பார்த்தாள். இத்தனை நாள் இந்தக் கோலத்திலா ஆடினோம் என்றிருந்தது. ரயிலில் மடக்கிய குடையைத் தளர்வாகப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பழகினாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுமாரான ஆட்டக்காரர்களோடு தட்டுத் தடுமாறி அவள் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். எதிரே சிந்து. கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி, அதைத் தள்ளுகிறவருக்கு ஆட்டம்; அது குழியின் வாயிலேயே நின்றது. ஊதினால் விழுந்துவிடும். ஜோசபின் குனிந்தாள். விரல் தளர்வாக இருக்கிறதா, முழங்கை எங்கே, தலை நிற்கிறதா. ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் பார்க்க, கை யாருடையதோ போல மரத்துவிட்டது. அடித்தாள். குச்சி நுனி வழுக்கி, வெள்ளைப் பந்து ஒரு சாண் தூரம் உருண்டு நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிந்து வந்து கறுப்பைக் குழிக்குள் தட்டிவிட்டு ஜெயித்தாள்.

இவ்வளவு சொல்லிக்கொடுத்ததற்கு ஜோசபின் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, காபி மெஷினுக்கு அந்தப் பக்கம் சிந்து விக்கியிடம் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. “பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா மூணு வாரத்துல ஒரு கை மாறாது. உள்ளதும் போயிடும். அது எனக்கு முன்னாடியே தெரியும்.”

ஜோசபின் கையில் கப்போடு அவர்கள் முன்னால் போய் நின்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். விக்கி நழுவிவிட்டான். சிந்துவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“நான் சொன்னதுல எது தப்புக்கா? சொல்லுங்க.”

எதுவும் தப்பில்லை. அதுதான் ஜோசபினுக்குத் தாங்கவில்லை.

பழையபடி இறுக்கிப் பிடித்துக் குத்திப் பார்த்தாள். வரவில்லை. குனிந்தவுடன் அந்தப் படம்தான் கண்ணுக்குள் ஓடியது. சரியான ஆட்டமும் வரவில்லை, தப்பான ஆட்டமும் போய்விட்டது. நான்கு மாதம் மாடிப்பக்கமே போகாமல் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தாள். சிந்துவுக்கோ ஜெயித்ததோடு அந்த மேஜை அலுத்துவிட்டது.

டிசம்பரில் ஒருநாள் மழை. ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ கிடைக்கவில்லை. ஜோசபின் மாடிக்கு வந்து குச்சியை எடுத்து, இடது கையில் பிடித்தாள். அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முதல் அடியில் பந்து மேஜையைத் தாண்டித் தரையில் விழுந்து ஓடியது. சோபாவிலிருந்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது. கூட்டத்தில் சிந்துவும் இருந்தாள்.

“தலை தூக்குறீங்கக்கா.”

“தெரியும். நீ வாய மூடு.”

ஜோசபின் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து வைத்தாள். மறுபடி குத்தினாள். பந்து குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பிவிட்டது. அடுத்ததற்குக் குனிந்தாள்.