தன் பக்கமாக ஒரு மடிப்பு

மூங்கில்துறைப்பட்டு ஆதிமூலத்துக்கு இரண்டு வருஷமாக எதிலும் ருசியில்லை. குழம்பில் பெண்டாட்டி ஆண்டாள் உப்புப் போட மறந்த நாளிலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். கரும்புக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்து நாசம் செய்த அன்றும் வாயைத் திறக்கவில்லை. முன்பெல்லாம் வரப்பில் ஆடு ஏறினாலே தெரு அதிர ஏசுகிற மனுஷன்.

எல்லாம் எழில்மதியால் வந்தது. ஒரே மகள். சென்னைக்கு வேலைக்குப் போன இடத்தில், வேறு சாதிப் பையன் கவியரசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேதி வந்த அன்றே ஆதிமூலம் தலைமுழுகினார். அதோடு விட்டாரா? உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பதினாறாம் நாள் கருமாதிச் சோறும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும், சாவு வீட்டில் செய்வதுபோல இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். அதை ஆண்டாள் போனில் மகளிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவருக்கு அழுகையும் வரவில்லை. அன்றைக்கு மரத்துப்போன நெஞ்சு அப்படியே கிடந்தது.

இப்போது கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்தவரை மகள் போனில் கூப்பிட்டாள். ஒரே ஒரு வேளை தன்னோடு சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்றாள். ஆண்டாளும் போகச் சொன்னாள். போனார். மறுப்பதற்காவது கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்க வேண்டுமே!

ஜப்பான் சாப்பாட்டுக் கடையாம். சுஷி என்றார்கள். உள்ளே எல்லோரும் மெதுவாகவே பேசினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் சோற்றைக் கையால் பிடித்து, மேலே பச்சை மீனை வைத்துக்கொண்டிருந்தார். ஆதிமூலத்தின் முன்னால் கருங்கல் தட்டு வந்தது. அதில் ஒரு துண்டு வாழையிலை, இலைமேல் ஆறு பிடி சோறு. குச்சி பிடிக்கச் சொல்லித்தர வந்த கவியரசன், அவர் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். அவர் கையாலேயே எடுத்துத் தின்றார். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

எழில்மதி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"நல்லாக்குதாப்பா?"

"ம்."

ஆறும் தீர்ந்தது. மகளின் பார்வை அவர் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. நெஞ்சு ஏதாவது சொல்லுமா என்று பார்த்தார். பாழாய்ப்போன நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் பரிமாறுகிற பெண் வந்து தட்டில் கை வைத்தாள்.

"இரும்மா" என்று தட்டைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத இலை. கல்யாண வீட்டில் செய்வதுபோல அதைத் தன் பக்கமாக மடித்தார். அப்போதும் உள்ளே எதுவும் அசையவில்லை. மடித்த இலைமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எழில்மதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய தட்டில் பச்சை மீனும் குளிர்ந்த சோறும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆதிமூலம் அந்தத் தட்டை மகள் பக்கமாக நகர்த்தினார்.

"சாப்புடும்மா. ஆறிப்பூடும்."