கோபுரத்துக்குக் கீழே விரித்த துணி

போன கிழமை வேலையிடத்தில் ஒருவர், சண்டைக்குப் பிறகு இலங்கையில் எங்கள் தமிழ்ச் சனத்தில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? இதே வேலையைப் பதினொரு வயதில் செய்து, முதல் பரிசும் வாங்கியவள் நான்.

அப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மாடிக்கட்டடத்தில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் குவாத்தமாலாவிலிருந்து வந்த ஓர் அன்ரி. அம்மாவும் அவரும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார்கள். அவருடைய மகள் என் வகுப்பு, என் சிநேகிதி.

பள்ளிக்கூடத்தில் பழைய நாகரிகங்கள் பற்றிப் புரொஜெக்ட் வந்தது. எனக்குக் கிடைத்தது மத்திய அமெரிக்காவின் மாயர்கள். அப்பா மட்டைப் பெட்டிகளை வெட்டிப் படிப்படியாக ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் சின்னக் கோயிலும் வைத்துத் தந்தார். அடியில் விரிக்க ஏதாவது வேண்டும் என்று நான் அடம்பிடிக்க, அம்மா அன்ரியிடம் ஒரு நீலத் துணி வாங்கி வந்தார்.

"அவ தன்ர கையால நெய்ததாம். கவனமாக் கொண்டுபோட்டு வா. அவையளும் மாயா ஆக்கள்தானாம். வீட்டில தங்கட பாஷைதான் கதைக்கிறவையாம்."

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் புரொஜெக்டின் தலைப்பே 'மறைந்துபோன மக்கள்'. காடு மூடிய நகரங்களைக் கட்டி, வெள்ளிக் கோளின் போக்கைக் கணித்தவர்கள் எங்கே, பெட்டி அடுக்குகிற அன்ரி எங்கே?

வகுப்பில் கோபுரத்தைக் காட்டிப் பேசினேன். ஒருவர்கூட மிஞ்சவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சோகமாக முடித்தேன். சிநேகிதி கையை உயர்த்தினாள். தாங்கள் மாயர்கள் என்றும், அந்தத் துணி தன் அம்மா நெய்தது என்றும் சொன்னாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரீச்சர் என்னைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார்.

ஓம் என்றால் தலைப்பும் போச்சு, பரிசும் போச்சு.

"இல்லை மிஸ், கடையில வாங்கினது," என்றேன். நாக்குக் கூசவில்லை. அவள் கையை இறக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

பின்னேரம் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். முதல் பரிசென்று சட்டையில் குத்தியிருந்த சிவப்பு ரிபனை அன்ரி தொட்டுப் பார்த்தார். தனக்கே பரிசு கிடைத்ததுபோல என் கன்னத்தைத் தடவினார். பிறகு மகளிடம் திரும்பித் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். இன்றோடு தொலைந்தேன் என்று நின்றேன். அவள் நிதானமாக ஏதோ பதில் சொல்ல, அன்ரியின் முகம் மலர்ந்துபோனது.

"எல்லாருக்கும் துணி பிடிச்சதெண்டு சொன்னனான்," என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பயந்துதான் தாயிடம் காட்டிக்கொடுக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து புட்டும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.