ஒட்டடை அடிக்காத மூலை

மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பளபளா அக்கா. பெயர் அங்கே வைத்ததுதான். அவர் ஆட்கள் துடைத்துவிட்டுப் போன வராந்தாவில் கால் வைக்க டாக்டர்களே யோசிப்பார்களாம். ஓய்வுக்குப் பிறகு தம்பியின் செடிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் சண்டை போட ஆளும் உண்டு.

வந்த அன்றே அவர் கேட்டது ஓர் ஒட்டடைக் கம்பு. பச்சை நிழல்வலைக் கூரைக்குக் கீழே ஒரு சிலந்திகூடக் குடித்தனம் நடத்த முடியாதபடி தினமும் காலையில் ஒரு சுற்று. செடி வாங்க வருகிறவர்கள் முகத்தில் நூலாம்படை ஒட்டக் கூடாது என்பது அவர் கட்சி. தம்பிக்கும் அதில் மகிழ்ச்சிதான்.

பண்ணையில் அக்காவுக்கென்றே ஒரு கொடி இருந்தது. சந்தையில் பூவைப் பார்த்து மயங்கி வாங்கியது. விரல் நீளப் பூ; அடியில் உப்பிய குழாய், உச்சியில் சின்னக் குடை. பார்த்தவர்கள் எல்லாரும் விலை கேட்டார்கள். இருந்ததோ ஒன்றே ஒன்று. தண்டை வெட்டி நட்டால் அழுகியது. விதை எடுக்கலாமென்றால் காயே பிடிக்கவில்லை. பூக்கும், வாடும், உதிரும். பெயின்ட் பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைக்கப் பார்த்தார். அந்தக் குழாய்க்குள் பிரஷ் நுழையவில்லை. இந்த லட்சணத்தில் வேரழுகல் வேறு.

"இந்த வருஷத்தோட அது போயிடும்க்கா. அது இருக்கிற மேசையையாவது காலி பண்ணிக் கொடு."

"பூ விட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் கை வைக்காதேடா. ஒரு காய் பிடிச்சாப் போதும் எனக்கு."

அந்தச் சமயத்தில்தான் உரமூட்டையைத் தூக்கப் போய் அக்காவுக்குத் தோள்பட்டை பிசகியது. கையைத் தலைக்கு மேலே தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் அடிக்கிறேன்" என்றான் தம்பி. அடிக்கவில்லை. சிலந்திகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின.

கொடிக்கு மேலே, கம்பி மூலையில் பெரிய வலை ஒன்று. ஒரு நாள் அதில் தேனீ மாட்டியது. சிலந்தி அதைக் கட்டிப் பிடித்துக் கடித்த கொஞ்ச நேரத்தில், கடுகை விடச் சின்னக் கறுப்பு ஈக்கள் எங்கிருந்தோ வந்து தேனீயின் மேலேயே உட்கார்ந்து, கசிகிற சாற்றை உறிஞ்சத் தொடங்கின. சிலந்தி கண்டுகொள்ளவே இல்லை.

"இங்க பாருடா. வேட்டையாடுனது அவ. வாய் வைக்கிறது இதுங்க."

"ஓசிச் சோறா? நம்ம பெரியப்பா மகன் மாதிரி."

"அவனாவது நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருவான்."

இரண்டு நாள் கழித்து, வாடித் தொங்கிய பூ ஒன்றைக் கிள்ளப் போனார். குழாயிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. அதே ஈ. அக்கா அடுத்த பூவைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே இன்னும் இரண்டு நிழல்கள் நகர்ந்தன.

பண்ணையில் வழக்கமாகச் செடி வாங்கும் கல்லூரி ஆசிரியை ஒருவர் பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். அக்கா படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கையோடு போனும் போட்டார்.

"தேனீ அடிபட்டா அதுகிட்டேருந்து ஒரு வாசனை வரும்மா. அதை வச்சுத்தான் இந்த ஈங்க சாப்பாடு எங்கேன்னு கண்டுபிடிக்கும். உங்க கொடி அதே வாசனையை விடுற ரகம்னு நினைக்கிறேன். நம்ம மூக்குக்குத் தெரியாது. நம்பி உள்ள போனா சோறும் இல்லை, வெளிய வர வழியும் இல்லை. குழாய்க்குள்ள இருக்கிற முடி வாடினப்புறம்தான் விடுதலை. வரும்போது மகரந்தம் ஒட்டிக்கும். அடுத்த பூவுலயும் போய் ஏமாந்தா காய் பிடிக்கும்."

"ஓசியில சாப்பிட வந்தவனை வேலை வாங்கிட்டு அனுப்புதா? கெட்டிக்காரிதான்."

"ஆமாம்மா. ஆனா பக்கத்துல சிலந்தி விருந்து நடந்தாத்தான் அந்த ஈங்க சுத்திக்கிட்டு இருக்கும். உங்க பண்ணையில சிலந்தி நிறைய உண்டா?"

அக்கா போனைக் காதில் வைத்தபடியே கூரையைப் பார்த்தார்.

"இப்போ உண்டு" என்றார்.

மறுவாரம், ஓட்டல் தோட்டத்துக்குச் செடி எடுக்க ஒரு கான்ட்ராக்டர் வருவதாக இருந்தது. தம்பி தானே கம்பைத் தூக்கினான். கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டே வந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றான். அக்கா குறுக்கே நின்றார்.

"மத்த எல்லாத்தையும் அடி. இந்த மூலையை விட்டுரு."

"நீயா சொல்றே? ஒட்டடைன்னா ஊரைக் கூட்டுற ஆளு நீ."

"இருபது முப்பது வருஷமா இதுதான் சரின்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு அது சரிதான்."

"அவர் மூஞ்சில ஒட்டினா ஆர்டர் போயிடும்க்கா."

"இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதே. கொடியில கடைசிக் கொத்து இதுதான்டா."

தம்பி அந்தக் கொத்தைப் பார்த்தான். அடித்தண்டு ஏற்கெனவே கறுத்திருந்தது. கம்பைச் சாத்திவிட்டுப் போனான். கான்ட்ராக்டர் வந்தபோது அவரை வேலி ஓரமாகச் சுற்றிக் கூட்டிப் போனதும் அவன்தான்.

பூக்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. ஒரு காம்பில் மட்டும் ஆட்டுக்குட்டிக் கொம்பு போல இரண்டு காய்கள் முளைத்து நீண்டன. இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அக்கா அழுகிய வேரைச் சுரண்டி, கொடியை மணலில் மாற்றி வைத்தார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். காய் வெடித்தால் பஞ்சு வைத்த விதைகள் பறந்துவிடும் என்று ஆசிரியை சொன்னதால் மெல்லிய துணிப்பை தைத்துக் கட்டினார். காய் வெடித்த வாரமே கொடி சாய்ந்தது.

விதைத் தட்டில் முதலில் ஒன்று தலை தூக்கியது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. தம்பி குனிந்து பார்த்தான். மேசை பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

"பெருசானா எங்கே வைக்கணும்? வெயில்லயா?"

"நிழல்ல. மேலே குறுக்கால ரெண்டு கம்பி கட்டிக் கொடு."

"கொடி ஏறவா?"

"கொடிக்குக் குச்சி நட்டுக்கலாம். கம்பி அவளுக்கு. வலை கட்ட இடம் வேணாமா?"